மளிகை லிஸ்ட்டைக் கொஞ்சம் எடுங்க!

‘‘நான் நல்லாத்தாம்மா சாப்பிடறேன். மூணு வேளையும் வயிறு நிறைய சாப்பிடறேன். அப்புறம் எப்படி ரத்தம் இல்லைங்கறாங்க?’’

எதிர் வீட்டு அக்கா, லேப் ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்ட கேள்வி இது. அக்காவுக்கு வயது முப்பத்தெட்டு. ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினால் பாதிப் படியிலேயே மூச்சு வாங்குகிறது. சாயங்காலம் நாலு மணியானால் கால் கெஞ்சுகிறது. தலை வாரினால் சீப்போடு கொத்துக் கொத்தாக முடி. ‘வயசாயிடுச்சுல்ல...’ என்று அவரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார். ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 8.4 என்று இருந்தது. பெண்களுக்கு 12-க்குக் கீழே இறங்கினாலே ரத்தசோகை!

அக்கா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. வயிறு நிறையத்தான் சாப்பிடுகிறார். எதை வைத்து நிறைக்கிறார் என்பதில்தான் சிக்கல்.

நீங்களும் இந்த அக்கா கட்சிதானா? தெரிந்துகொள்ள டெஸ்ட் எதுவும் வேண்டாம். போன மாதம் மளிகைக் கடைக்குக் கொடுத்த லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். ‘லிஸ்ட் எல்லாம் இப்ப யாருங்க எழுதறா, போன்லயே ஆர்டர்தான்’ என்கிறீர்களா? சரி, அந்த பில்லையாவது எடுங்கள். கூடவே ஒரு பேனா.

அரிசி எத்தனை கிலோ... பருப்பு எத்தனை கிலோ?

மாவுச்சத்து, புரதச்சத்து, கொழுப்புச்சத்து, வைட்டமின், தாது உப்பு... இதெல்லாம் அஞ்சாம் கிளாஸ் பாடத்திலேயே படித்ததுதான். பரீட்சையில் மார்க்கும் வாங்கினோம். ஆனால் அடுப்படியில் நிற்கும்போது அது எதற்கும் உதவுவதில்லை. ‘புரதம் 46 கிராம் வேணும்’ என்று ஒருவர் சொன்னால், நமக்குக் கரண்டிக் கணக்கில் எத்தனை என்று தெரிய வேண்டாமா? அதனால் மாசக் கணக்கிலேயே பார்த்துவிடுவோம்.

ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. இந்தியர்கள் என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று அளவு போட்டுச் சொல்கிறவர்கள் இவர்கள்தான். 2024-ல் அவர்கள் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு (2000 கலோரி கணக்கில்) சமைக்காத பொருளாக எடை போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அரிசி, கோதுமை, கேழ்வரகு என்று தானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம். பருப்பு, பயறு வகை 85 கிராம். இதில் ஒரு பகுதிக்குப் பதிலாக முட்டை, மீன், கறி வைத்துக்கொள்ளலாம். காய்கறியும் கீரையுமாக 400 கிராம். பழம் 100 கிராம். பால் அல்லது தயிர் 300 மில்லி. வேர்க்கடலை, எள் மாதிரி கொட்டை வகை 35 கிராம். எண்ணெய் 27 கிராம்.

வீட்டில் நாலு பேர் என்று வைத்து, முப்பது நாளால் பெருக்குங்கள். தானியம் 30 கிலோ. பருப்பு, பயறு 10 கிலோ. எண்ணெய் மூன்றரை லிட்டர். வேர்க்கடலை, எள் எல்லாம் சேர்த்து நாலு கிலோ.

இப்போது உங்கள் லிஸ்ட்டைப் பாருங்கள்!

அக்கா வீட்டு லிஸ்ட்டை நான் பார்த்தேன். சாப்பாட்டு அரிசி 30 கிலோ, இட்லி அரிசி 8 கிலோ, ரவை ஒண்ணு, மைதா ஒண்ணு, சேமியா ஒண்ணு. துவரம்பருப்பு ரெண்டு கிலோ, உளுந்து ரெண்டு கிலோ, பாசிப்பருப்பு அரை, கடலைப்பருப்பு அரை. வேர்க்கடலை கால் கிலோ. அதுவும் சட்னிக்கு. எண்ணெய் அஞ்சு லிட்டர். சர்க்கரை நாலு கிலோ.

தானியம் 40 கிலோவைத் தாண்டுகிறது. பருப்போ அஞ்சு கிலோ. மூணு பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்று இருக்க வேண்டிய இடத்தில் எட்டுக்கு ஒண்ணு!

‘‘மூணு வேளையும் ஒரே மாதிரி நாங்க சாப்பிடறதில்லையே, வேற வேறதானே பண்றேன்’’ என்றார் அக்கா. என்ன பண்ணுகிறார்? காலையில் இட்லி, மத்தியானம் சாதம், ராத்திரி தோசை. பேர்தான் மூணு. மூணும் அரிசி.

அக்காவை மட்டும் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்? நம் ஊர் ரேஷன் கடையிலேயே பாருங்களேன். 2011-லிருந்து அரிசி இலவசம், கிலோ கணக்கில் கிடைக்கிறது. துவரம்பருப்பு கார்டுக்கு ஒரு கிலோதான். இலவசமாகக் கிடைக்கிற பொருள் தட்டை அடைத்துக்கொள்ளத்தானே செய்யும்?

குன்னூர் எலிகள் சொன்ன கதை

நம் அரிசிச் சாப்பாட்டின் மேல் இந்தச் சந்தேகம் நேற்று வந்ததில்லை. நூறு வருஷத்துக்கு முன்பே, நம்ம நீலகிரியில் கிளம்பியது.

1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர், குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ‘பெரிபெரி’ நோயைப் பற்றி ஆராய்ச்சியைத் தொடங்கினார். கால் மரத்துப்போகும், வீங்கும், இதயம் பலவீனமாகும். ஆளையே சாய்த்துவிடுகிற நோய் அது. மில்லில் தீட்டித் தீட்டி வெள்ளை வெளேரென்று ஆக்கிய அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களைத்தான் அது அதிகம் பிடித்தது. அரிசியின் மேல் தோலில் இருக்கிற பி1 வைட்டமின் தவிட்டோடு போய்விடுவதுதான் காரணம்.

மெக்காரிசன் அதோடு நிற்கவில்லை. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடுகிற சாப்பாட்டை அப்படியே செய்து, எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்தார். ஒரு கூட்டத்துக்கு சீக்கியர்கள் சாப்பாடு: முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, எப்போதாவது கறி. இன்னொரு கூட்டத்துக்கு மதராஸிச் சாப்பாடு. கழுவித் தீட்டிய அரிசி நிறைய, மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம். சீக்கியச் சாப்பாட்டு எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்து முதலிடத்தில் நின்றன. கடைசி இடம் யாருக்கு என்று நான் சொல்லவும் வேண்டுமா? நம்ம ஊர் எலிகள்தான்!

உடனே ‘ஆஹா, அப்ப சப்பாத்திக்கு மாறிடலாம்’ என்று கிளம்பிவிடாதீர்கள். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ராத்திரி மூணு சப்பாத்தி, தொட்டுக்க உருளைக்கிழங்கு குருமா... இதில் மாறியது மாவின் நிறம் மட்டும்தான். அந்த எலிகள் வளர்ந்தது கோதுமையால் மட்டும் இல்லை. கூட வந்த பாலும் பருப்பும் காயும் சேர்ந்து வளர்த்தன. அரிசியைக் கைவிட வேண்டியதில்லை. தட்டில் அதற்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

அரிசியிலும் ஒரு நல்ல சேதி உண்டு. நம் பாட்டிமார் சாப்பிட்ட புழுங்கல் அரிசி கெட்டிக்கார அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தோலில் இருக்கிற பி1 சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. அதனால் அப்புறம் மில்லில் தீட்டினாலும் பச்சரிசி அளவுக்குப் பறிபோவதில்லை. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? தண்ணீர் பளிங்கு மாதிரி ஆகும்வரை நாலு தடவை தேய்த்துக் கழுவுகிறோம், வடித்த கஞ்சியைச் சிங்க்கில் கொட்டுகிறோம். மிச்சம் மீதி சத்தும் சாக்கடைக்குப் போகிறது. ரெண்டு தடவை அலசினால் போதுங்க.

அந்தக் குன்னூர் ஆராய்ச்சிதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைக்கு நமக்கு அளவு சொல்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக உட்கார்ந்திருக்கிறது.

அம்மாவின் தட்டில் என்ன விழுகிறது?

லிஸ்ட் ஒரு பக்கம் இருக்கட்டும். லிஸ்ட்டில் வாங்கின அஞ்சு கிலோ பருப்பாவது எல்லோருக்கும் சமமாகப் போகிறதா? இதைத் தெரிந்துகொள்ள நான் அக்காவிடம் ஒரு நாள் சாப்பாட்டை ஒன்று விடாமல் சொல்லச் சொன்னேன்.

காலையில் காபி, மூணு இட்லி, தேங்காய்ச் சட்னி. மத்தியானம் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாதம், சாம்பார், ஒரு கரண்டி பொரியல், மோர். சாயங்காலம் இன்னொரு காபி. ராத்திரி ரெண்டு தோசை. சாதம் மீந்துபோனால் தோசை கிடையாது. அந்தச் சாதமும் ரசமும்தான்.

‘‘சாம்பார்ல பருப்பு போடறீங்கல்ல?’’

‘‘போடாம? நூறு கிராமுக்குக் குறையாம போடுவேன். பசங்களுக்கும் அவருக்கும் அடியில கரண்டியை விட்டுக் கெட்டியா எடுத்து ஊத்துவேன். நான் சாப்பிட உக்கார்றப்ப மேல தெளிவாத்தான் இருக்கும். எனக்கு என்னம்மா, தண்ணியா இருந்தாதான் பிடிக்கும்.’’

பிடிக்கும்! இந்த ஒரு வார்த்தையை எத்தனை வீட்டில் கேட்டிருப்போம்? அம்மாவுக்கு மீனில் தலை பிடிக்கும், தோசையில் கருகினது பிடிக்கும், முட்டைன்னா வாசனையே ஆகாது... என் அம்மாவும் இதே கதைதான். அவருக்கு முட்டை ரொம்பப் பிடிக்கும் என்பது, நாங்கள் எல்லாம் கல்யாணமாகிப் போன பிறகுதான் எனக்கே தெரிய வந்தது.

சரி, அக்காவின் கணக்குக்கு வருவோம். அரிசியில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 7 கிராம் புரதம் உண்டு. பருப்பில் 22 கிராம். ஒரு இட்லியில் ரெண்டு கிராம் தேறும். அப்படிப் பார்த்தால் இட்லி 6, மத்தியானச் சாதம் 10, தெளிவு சாம்பாரில் 2, பொரியல் 1, தண்ணி மோர் 1, ரெண்டு காபிப் பால் 5, ராத்திரித் தோசை 5. கூட்டினால் 30 கிராம்.

எவ்வளவு வேண்டும்? உடம்பு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம். அக்கா 55 கிலோ இருப்பதால் 46 கிராம். அரிசியையே நம்பின சாப்பாடு என்றால், கிலோவுக்கு ஒரு கிராம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஏனென்றால் அரிசிப் புரதத்தில் ‘லைசின்’ என்கிற ஒரு பொருள் குறைவு. பருப்பில் அது ஏராளம். பருப்பில் குறைகிற இன்னொன்று அரிசியில் இருக்கிறது. ரெண்டும் சேர்ந்தால்தான் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். நம் வெண்பொங்கலும், பருப்பு சாதமும், அடையும் அந்த விதத்தில் சரியான ஜோடி. அதிலும் அடை! அரிசிக்குச் சமமாக மூணு வகைப் பருப்பு போட்டு அரைக்கிற அந்த அடையை, ‘வேலை ஜாஸ்தி’ என்று நாம் மறந்தே போனோம்.

அக்காவுக்குக் குறைந்தது பதினாறு கிராம் துண்டு விழுகிறது. ஒரு நாள், ரெண்டு நாள் இல்லை. பதினைந்து வருஷமாக!

இந்தத் துண்டை அடைக்கப் பெரிய செலவெல்லாம் இல்லை. ஒரு முட்டை என்றால் 6 கிராம். முட்டை ஆகாது என்றால் ஒரு கைப்பிடி வேர்க்கடலை. சாயங்காலம் முறுக்குக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல், அதில் 5, 6 கிராம். மோருக்குப் பதில் ஒரு கப் தயிர், 5 கிராம். சாம்பாரை அடிவரைக்கும் கலக்கித் தன் தட்டிலும் கெட்டியாக ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டால் இன்னும் 4. முடிந்தது! கொள்ளு, தட்டைப்பயறு, பொட்டுக்கடலை, மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மத்தியும் நெத்தியும்... விலை குறைந்த புரதத்துக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. டப்பாவில் வருகிற புரோட்டீன் பவுடர்தான் வேண்டும் என்று இல்லை. ஹைதராபாத் நிறுவனத்தாரே அதை வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் பருப்பைக் கூட்டுவதற்கு முன்னால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அளவே வேறு.)

பீட்ரூட்டும் பேரீச்சம்பழமும்

இனி ரத்த விஷயம். இரும்புச்சத்து ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் வேண்டும். பெண்ணுக்கு 29. மாதா மாதம் இழப்பு இருக்கிறதே! வீட்டிலேயே இரும்புச்சத்து அதிகம் தேவைப்படுகிற ஆள் கடைசியாகச் சாப்பிட உட்காருகிற ஆளாக இருப்பது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் தமிழ்நாட்டில் 15-லிருந்து 49 வயதுக்குள் இருக்கிற பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. தெருவில் எதிரும் புதிருமாக ரெண்டு வீடு என்றால், ஒரு வீட்டில் நிச்சயம் ஒரு அக்கா!

அக்கா ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பக்கத்து வீட்டிலிருந்தெல்லாம் யோசனை வந்து குவிந்தது. ‘‘தினம் பீட்ரூட் ஜூஸ் குடி, ரத்தம் ஊறும்.’’ ‘‘ரெண்டு பேரீச்சம்பழம் தேனில ஊறவெச்சு சாப்பிடு.’’ பீட்ரூட் நல்ல காய்தான். ஆனால் அதன் சிவப்புக்கும் நம் ரத்தத்தின் சிவப்புக்கும் சம்பந்தமே கிடையாது. நூறு கிராம் பீட்ரூட்டில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம் அளவுக்குத்தான். ரெண்டு பேரீச்சம்பழத்தில் அதுவும் தேறாது. 29 எங்கே, ஒண்ணு எங்கே!

கம்பு, கேழ்வரகு, பயறு வகைகள், எள், கீரை... இவற்றில் இரும்பு இருக்கிறது. அசைவக்காரர்களுக்கு ஈரலும் சுவரொட்டியும் உண்டு. கறியில் இருக்கிற இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். கீரை, பயறில் இருப்பதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். மிச்சம் வந்த வழியே போய்விடும். இந்தக் கொஞ்சத்தை ரெண்டு மடங்கு, மூணு மடங்கு ஆக்குகிற சாவி வைட்டமின் சி. சுண்டலை இறக்கிவைத்து அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியுங்கள் (அடுப்பில் கொதிக்கும்போது பிழிந்தால் பிரயோஜனமில்லை, சூட்டில் வைட்டமின் சி போய்விடும்). கீரைச் சாதத்தோடு ஒரு நெல்லிக்காய்ப் பச்சடி வையுங்கள். சாப்பாட்டுக்குப் பின்னால் கொய்யாப்பழம் ஒரு துண்டு போதும்.

பூட்டுப் போடுகிற ஆளும் ஒருத்தர் இருக்கிறார். உங்களுக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்: காபி, டீ. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால், அதில் இருக்கிற ‘டானின்’ போன்ற சில பொருட்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளே விடாது. இட்லி சாப்பிட்ட கையோடு சுடச்சுட ஒரு டபரா காபி குடிப்பது நமக்கு வேதவாக்கு மாதிரி! சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம் என்கிறது 2024 வழிகாட்டி. காபியை நிறுத்தச் சொல்லவில்லைங்க, தள்ளி வைக்கத்தான் சொல்கிறேன். காலை ஆறு மணிக்குக் குடியுங்கள், எட்டு மணிக்கு டிபன் சாப்பிடுங்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபின் எட்டு, ஒன்பதுக்கு வந்துவிட்ட பிறகு சாப்பாட்டாலேயே சரி செய்கிறேன் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. மாத்திரை வேண்டும். அக்காவின் டாக்டர் இரும்பு மாத்திரையோடு பூச்சி மாத்திரையும் கொடுத்தார். மாதவிலக்கு எத்தனை நாள், அதிகப் போக்கு உண்டா, மூலம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் ஓட்டைக் குடத்துக் கதைதான். மாத்திரையைப் பாலிலோ காபியிலோ போட்டுக்கொள்ளாதீர்கள், வெறும் தண்ணீரில் போடுங்கள். கால்சியம் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் ரெண்டையும் வேறு வேறு வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். மலம் கறுப்பாகப் போகும். பயந்து நிறுத்திவிட வேண்டாம்.

பொரியலா, ஊறுகாயா?

பருப்பைவிட நாம் மோசமாகத் தோற்பது காய்கறியில். 400 கிராம் என்றால் எவ்வளவு? நம் வீட்டுப் பொரியல் ஒரு கரண்டி ஐம்பது, அறுபது கிராம்தான் இருக்கும். சாம்பாரில் ரெண்டு முருங்கைக்காய்த் துண்டு மிதக்கும். அவ்வளவுதான் நம் காய்கறி. பொரியலை ஊறுகாய் மாதிரி தட்டின் ஓரத்தில் தொட்டுக்கொண்டிருக்கிறோம்!

நாலு பேருக்கு வாரத்துக்குப் பதினோரு கிலோ காய் வேண்டும் என்றால் மலைப்பாகத்தான் இருக்கும். மலைக்காமல் இப்படி ஆரம்பியுங்கள்: மத்தியானம் சாதம் வைக்கிற அதே கரண்டியால் பொரியலும் அதே எண்ணிக்கை. ரெண்டு கரண்டி சாதமா, ரெண்டு கரண்டி காய். காய் கூடினால் சாதம் தானாகக் குறையும். வயிற்றில் இடம் அவ்வளவுதானே? உருளைக்கிழங்கை மட்டும் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள், அது சாதத்தின் தம்பி. பையனுக்கு டிபன் பாக்ஸில் எலுமிச்சம்பழச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொடுத்து அனுப்புகிறீர்களே, அது சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளச் சாதம்! அதில் ஒரு பிடி வேர்க்கடலையைக் கூடுதலாகத் தாளித்துப் போட்டு, வறுவலுக்குப் பதில் ஒரு அவித்த முட்டையோ பீன்ஸ் பொரியலோ வைத்தால் அந்த டப்பாவே மாறிப்போகும்.

பெண் குழந்தை இருக்கிற வீட்டுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பத்து, பதினொரு வயதில் பெண் மளமளவென்று வளர்கிறாள். பெரியவளாகப்போகிற நேரம். அப்போது அண்ணனுக்கு ரெண்டு முட்டை, தங்கச்சிக்கு ஒண்ணு என்று பரிமாறாதீர்கள். வயசுக்கு வந்ததும் உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை என்று பதினாறு நாள் ஊரைக் கூட்டி ஊட்டுகிறோம். பதினேழாம் நாளிலிருந்து அவளுக்கும் தெளிவு சாம்பார்தான்!

வீட்டில் வயதானவர்கள் ராத்திரிக்கு ‘எனக்கு ரெண்டு ரஸ்க்கும் பாலும் போதும்’ என்பார்கள். பசி குறைந்திருக்கும், பல் இருக்காது. ஆனால் புரதத் தேவை குறைவதில்லை. குழைந்த பருப்பு சாதம், பாசிப்பருப்புக் கஞ்சி, தயிரில் ஊறின இட்லி என்று மெல்லத் தேவையில்லாததாகக் கொடுங்கள். எலும்புக்குக் கால்சியம் வேண்டும் என்றால் பால், தயிர் தவிர கேழ்வரகுக் கூழும் கை கொடுக்கும். நாளொன்றுக்கு ஒரு கிராம் கால்சியம் தேவைப்படுகிற இடத்தில், நூறு கிராம் கேழ்வரகிலேயே மூன்றில் ஒரு பங்கு கிடைக்கிறது.

எண்ணெய், உப்பு, சர்க்கரையைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. பில்லைப் பார்த்து நீங்களே மார்க் போட்டுக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு மாதம் எண்ணெய் மூன்றரை லிட்டர். உப்பு ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராம் கணக்கில் 600 கிராம். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ், வடகத்தில் இருப்பதும் இதில் அடக்கம்! சர்க்கரை அதிகபட்சம் மூணு கிலோ, அதிலும் குறைந்தால் சந்தோஷம். பிஸ்கட்டிலும் குழந்தைகளுக்குக் கலக்கிக் கொடுக்கிற சத்து மாவுகளிலும் ஒளிந்திருக்கிற சர்க்கரையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பான், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு வாங்குங்கள்.

சித்தாள் வேலை, வயல் வேலை என்று உடம்பு நோக உழைக்கிறவர்களுக்கு இந்த 2000 கலோரி போதாது. அவர்கள் சாதத்தைக் குறைக்க வேண்டியதில்லை, பருப்பையும் காயையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும், சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் அளவுகளைத் தங்கள் டாக்டரிடமே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

அடுத்த மாத லிஸ்ட்

அக்கா அடுத்த மாதம் என் எதிரிலேயே லிஸ்ட் எழுதினார். அரிசி ரெண்டும் சேர்த்து முப்பது கிலோவுக்குள். கேழ்வரகு, கம்பு ரெண்டு ரெண்டு கிலோ. மைதா அடித்தாயிற்று. துவரம்பருப்பு மூணு, உளுந்து ரெண்டு, பாசிப்பயறு ஒண்ணு, கொண்டைக்கடலை ஒண்ணு, பொட்டுக்கடலை அரை. வேர்க்கடலை ரெண்டு கிலோ. எண்ணெய் நாலு லிட்டர். ‘‘மூன்றரைக்கு அடுத்த மாசம் வரேம்மா, ஒரேயடியா குறைச்சா அவரு என்னை வீட்டை விட்டே அனுப்பிடுவாரு.’’ காபி பொடியைக் குறைக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

பில் தொகை ஏறத்தான் செய்தது. அரிசி, எண்ணெய், மைதா, சர்க்கரை, பிஸ்கட்டில் மிச்சமானது பாதியை ஈடு கட்டியது. மீதிக்கு, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஹோட்டல் பரோட்டாவை மாதம் நாலிலிருந்து ஒன்றாக்கினார்.

மூணு மாதம் கழித்து எடுத்த ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 11.1. பெரும்பங்கு மாத்திரையின் வேலை என்றுதான் டாக்டர் சொன்னார். இருப்பு நிரம்ப இன்னும் சில மாதம் மாத்திரையை நிறுத்தக் கூடாது, நிறுத்தின பிறகு மறுபடி இறங்காமல் பார்த்துக்கொள்ளப் போவது உங்கள் சமையல்கட்டுதான் என்றும் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மேஜை மேல் நாலு கிண்ணத்தில் கெட்டியாகப் பருப்பு ஊற்றி வரிசையாக வைத்திருந்தார். ‘‘சட்டியில இருந்தா எல்லாருக்கும் ஊத்திட்டு நான் பழையபடி தெளிவுக்குத்தான் போவேன்மா. அதான் முதல்லயே பிரிச்சு வெச்சுடறேன்’’ என்றார்.

அவர் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே கடைசிக் கிண்ணத்தின் பக்கம் கையை நீட்டினார். ‘‘இது யாருக்கு? மீந்ததா?’’

‘‘அது என்னோடது!’’ என்றார் அக்கா.